தலைமாட்டில் இருந்த ஃபிரிட்ஜ்

நாம் நம்புகிற ஒருவர் செய்த வேலையைத் திறந்து பார்க்கலாமா? காத்தான்குடி நிஸ்மியாவின் வாழ்க்கை கேட்ட கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

வீட்டிலிருந்து தைத்துக் கொடுப்பவர் அவர். மெஷின் மோட்டார் நின்றால் தானே கழற்றிப் பார்ப்பார். அவருடைய தாய் ஆயிஷா உம்மாவுக்கு இன்சுலின் ஊசி. மருந்து இருக்கும் ஃபிரிட்ஜ், இடமில்லாததால் உம்மாவின் கட்டில் தலைமாட்டிலேயே நின்றது.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் அதன் கீழ்த்தட்டில் குளிர் இல்லாமல் போனது. மேலே குர்பானுக்கு அறுத்த மாட்டின் இறைச்சி கல்லாக உறைந்து கிடந்தது. அயலாரின் பங்குகளும் அதற்குள்தான். நெருக்கி அடைத்ததே குற்றம் என்று எல்லோரும் தீர்ப்புச் சொன்னார்கள்.

"மாடு அறுபட்டும் உங்கட ஃபிரிட்ஜுக்குள்ள நிண்டு முட்டுது ராத்தா," என்றார் பக்கத்து வீட்டு ஹஸீனா.

இறைச்சியைப் பகிர்ந்து கொடுத்து, ஒரு நாள் நிறுத்தி வைத்ததும் குளிர் திரும்பியது. தீர்ப்பு உறுதியாயிற்று. அந்த ஒரு நாளில் உள்ளே வேறு ஏதாவது உருகியிருக்கலாம் என்று நிஸ்மியாவும் யோசிக்கவில்லை. அவரைக் கெட்டிக்காரி என்று சொல்ல நான் அவசரப்படமாட்டேன்.

சில நாட்களில், இறைச்சி இல்லாத பெட்டியும் மறுபடி குளிரிழந்தது. இன்சுலினை ஹஸீனாவிடம் கொடுத்துவிட்டு, ப்ளக்கைக் கழற்றி, மேல்தட்டின் பின்பலகையைத் திறந்தார். குளிர்க்குழாய்ச் சுருள் முழுவதும் பனிச்சுவர்; கீழ்த்தட்டுக்குக் குளிர்காற்று இறங்க வழியில்லை. அதை அவ்வப்போது உருக்க வேண்டிய ஹீட்டரில் மீட்டரை வைத்தார். முள் அசையவில்லை. ஹீட்டர் எரிந்துபோயிருந்தது.

அதோடு முடியவில்லை. சூடு மிஞ்சினால் கரண்டை வெட்டும் சின்ன ஃபியூஸைக் காணவில்லை. அந்த இடத்தில் இரண்டு வயர்களை முறுக்கி டேப் சுற்றியிருந்தது. பின்னால் பிளாஸ்டிக் கரியாகி, உருகி, ஓட்டை விழுந்திருந்தது. நிஸ்மியா அதை உம்மாவுக்குக் காட்டினார்.

"கருகின மணம் ரெண்டு மூணு தரம் வந்திச்சி புள்ள," என்றார் உம்மா, கட்டிலில் இருந்தபடியே. "ஹஸீனா சோத்த அடிப்பிடிக்க உட்டுட்டாள் எண்டு நெனச்சன்."

கடைசியாக அதைத் திருத்தியவன் ஒரே தம்பி றிப்ஷான். கட்டாருக்குப் போவதற்கு முந்தின நாள் திருத்தினான். அங்கேயும் அவனுக்கு அதே தொழில்தான். நிஸ்மியா படம் எடுத்து அனுப்பிவிட்டு அழைத்தார்.

"இது நீ செஞ்ச வேலையாடா?"

"ஃபியூஸ் கிடைக்கல்ல ராத்தா. சும்மா ரெண்டு நாளைக்கெண்டுதான் முறுக்கினன். சொல்ல மறந்திட்டன்."

"உம்மாட தலமாட்டுலடா!"

அவன் அழத் தொடங்கினான். இவர் போனை வைத்துவிட்டார். அன்று அவரால் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. பிறகு புது ஹீட்டரும் ஃபியூஸும் வாங்கித் தானே பொருத்தினார்.

அடுத்த வருடம் றிப்ஷான் லீவில் வந்திருந்தபோது கீழ்த்தட்டு மறுபடி குளிரிழந்தது. நிஸ்மியாவுக்கு வேலை தெரியும், மீட்டரும் கையில் இருந்தது. ஆனாலும் தம்பியைத்தான் கூப்பிட்டார். அவன் திருத்திவிட்டுப் போன பிறகு பின்பலகையைத் திறந்து பார்க்கவில்லை. உம்மாவை உள்ளறையில் தன் கட்டிலில் படுக்க வைத்தார். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துக் கட்டிலில், அதே பக்கம் தலைவைத்து, அன்றிலிருந்து தான் படுத்துக்கொண்டார். ஏனென்று யாருக்கும் சொல்லவில்லை.