பிடுங்கிய சாவி

அலுவலகத்தில் என்னைச் சாது என்பார்கள். கார் ஓட்டும்போது என் வாய் என்ன பேசும் என்று அவர்களுக்குத் தெரியாது.

அந்த வருடம் நாலைந்து மாதமாகச் சரியான தூக்கமில்லை. பீளமேட்டில் வேலை. புதிதாக வந்த மேலாளரிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்வேன், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. பிரஷர் பார்த்த டாக்டர், மனநல மருத்துவரை ஒருமுறை பார்க்கும்படி சீட்டு எழுதிக் கொடுத்தார். எனக்கென்ன பைத்தியமா என்று கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஒருநாள் காலை கணபதியில் எனக்கு முன்னால் ஒரு மொபெட் ஊர்ந்துகொண்டிருந்தது. ஓட்டியவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். பின்னால் அவர் மனைவி, மடியில் காய்கறிப் பை. நான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. பதறிப்போய் அவர் நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டார். இறங்கிப் போய், என் அப்பா வயதுக்காரரை வாடா போடா என்று கத்தினேன்.

"பயத்துல நிறுத்திப்போட்டனுங்க. கோவிச்சுக்காதீங்க" என்றார்.

மேலாளர் முன்னால் நான் நிற்பதைப் போலவே நின்றார். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மொபெட் சாவியைப் பிடுங்கிக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டேன். பின்னாளில் சிகிச்சைக்குப் போனேன், காரணங்கள் கிடைத்தன. ஆனால் சாவியைப் பிடுங்கியது என் கைதான்.

அடுத்த சிக்னலில் நின்றபோது பிடுங்கிய சாவிக்கொத்தைப் பார்த்தேன். அவர்கள் வீட்டுச் சாவியும் அதில் இருந்தது. காரைத் திருப்பினேன்.

அவர் வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். அந்தம்மா பையோடு பின்னால் நடந்தார். காரை ஓரங்கட்டிவிட்டு, "ஏனுங்க, நில்லுங்க" என்று ஓடினேன். திரும்பிப் பார்த்தவர் சட்டென்று ஒரு கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அடிக்க வருகிறேன் என்று நினைத்திருக்கிறார்.

அந்தம்மா குறுக்கே வந்து நின்றார்.

"அவர ஒண்ணும் பண்ணிப்போடாதீங்க. நாங்க இந்தப் பக்கமே வரமாட்டமுங்க."

சாவியை நீட்டினேன். அந்தம்மா என் விரல் படாமல் வாங்கிக்கொண்டார். மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன், இரண்டு முறை சொன்னேன். அவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவசரமாக ஏறி உட்கார்ந்தார்கள். பின்னால் என் கார் வரும் என்று பயந்து, அவர் தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கியே ஓட்டிப்போனார்.