நீட்டிப் பிடித்த கயிறு

இறுகிய மண்ணில் லாடம் விழும் சத்தம் எங்கே கேட்டாலும், கூடவே ஒரு ரப்பர் செருப்பின் சத்தமும் எனக்குக் கேட்டுவிடுகிறது. ஒரு அடி பலமாக, ஒரு அடி இழுத்து.

இரண்டாயிரங்களின் கடைசி. பதுளையில் மிருக வைத்தியர் ஒருவரிடம் எழுத்து வேலை பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போய் வந்தவர், நெருப்புப்பெட்டி அளவில் மூன்று கருவிகள் கொண்டுவந்திருந்தார். குதிரையின் உச்சந்தலையில் ஒன்று, இடுப்பு மேட்டில் ஒன்று, வலது முன்காலில் ஒன்று. கட்டி ஓடவிட்டால் உடம்பு ஏறி இறங்குவதை மடிக்கணினி கோடாக வரையும். எந்தக் கால் நொண்டுகிறதென்று கோடு காட்டிக்கொடுக்கும்.

நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. தோட்டத்தை நடத்தும் துரையின் மகள் படிக்கப் போனபின் அங்கிருந்த குதிரைமேல் ஏற ஆளில்லை. குதிரைக்காரர்தான் தினமும் கையில் பிடித்து ஓட்டுவார். மழைக்காலத்திலிருந்து அது தலையை ஆட்டி ஆட்டி ஓடுவதைப் பங்களாவிலிருந்து பார்த்த துரை, கால் தேறாவிட்டால் அனுப்பிவிடலாம் என்றாராம். அதைச் சொன்னபோது குதிரைக்காரர் எங்களைப் பார்க்கவில்லை. பிடரியில் ஒட்டியிருந்த சருகுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

எங்கும் சரிவு. நேராக ஓட்ட ஒரே சமதரை, காலையில் ஆட்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களம். கயிற்றைக் குதிரையின் தாடையோடு ஒட்டிப் பிடித்தபடி குதிரைக்காரர் பக்கத்தில் ஓடினார். இடுப்புக் கோடு சீராக வந்தது. தலைக் கோடு குலுங்கியது. டொக்டர் குளம்பை அழுத்தினார், மூட்டை மடக்கினார். வலியில்லை, சூடில்லை. மறுபடி ஓடச் சொன்னார். நான் திரையை விட்டுச் சத்தத்தைக் கேட்டேன். லாடங்கள் ஒரே அளவாக விழுந்தன. செருப்புதான் தடுமாறியது, அது பலமாக விழும்போதெல்லாம் கயிறு இழுபட்டுக் குதிரையின் தலை தாழ்ந்தது.

டொக்டரிடம் மெல்லச் சொன்னேன். கயிற்றைத் தளர்த்திப் பிடித்து என்னையே ஓடச் சொன்னார். கொழுந்து நிறுக்க வந்த பெண்கள், குதிரை நல்லாத்தான் இருக்கு, கூட ஓடுறவருக்குத்தான் ஊசி போடணும் என்று சிரித்தார்கள். மூச்சிரைக்க வந்து பார்த்தேன். இரண்டு கோடுகளும் ஒழுங்காக ஓடியிருந்தன.

குதிரைக்காரர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாரத்தை விலக்கி வீங்கிய முழங்காலைக் காட்டினார். மழையில் தண்ணீர் வடியும் கானுக்குள் சறுக்கி விழுந்ததை யாரிடமும் சொல்லவில்லையாம்.

"அப்ப இத்தன நாளா நொண்டுனது நாந்தானுங்களா? இது வாயத் தொறக்காம என்கூடவே ஓடியிருக்கு பாருங்க."

கயிற்றை நீட்டிப் பிடித்து அவரே இன்னொரு தடவை ஓட்டினார். அவர் நொண்டினார், அது நொண்டவில்லை. மூடுபனி கலைந்து களமெங்கும் வெயில் விழுந்திருந்தது. போதும் என்று டொக்டர் சொன்ன பின்னும் இருவரும் ஒரு சுற்று அதிகமாகவே ஓடினார்கள்.

முழங்காலை ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னதற்குத் தலையாட்டினார். ஜீப் கிளம்பும்போது ஜன்னலோரம் வந்து குனிந்தார்.

"ஐயா, தொரகிட்ட என் காலப் பத்திச் சொல்லிப்புடாதீங்க. குதிரைய வச்சுக்கிட்டு என்னைய அனுப்பிருவாரு."

டொக்டர் அறிக்கைத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"நான் குதிரை வைத்தியன், அண்ணை. குதிரையைப் பற்றி மட்டும்தான் எழுதுவன்."