செல்லாயி கேட்ட வண்டி நம்பர்

போனில் வரவழைத்த கிராப் கார் வாசலில் வந்து நின்றுவிட்டது. செல்லாயி ஏறவில்லை. கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு காரைச் சுற்றிப் பின்னால் போகிறார். நம்பர் பிளேட்டை வாய்விட்டு ஒரு தரம் வாசிக்கிறார். ரவிக்கையில் செருகியிருக்கும் நீலப் பேனாவை எடுத்து இடது உள்ளங்கையில் எழுதுகிறார். அதற்குப் பிறகுதான் கதவு திறக்கிறது.

ஓட்டுநர் புதியவர் என்றால் சிரிப்பார். "நம்பர் எல்லாம் போன்லயே இருக்கே ஆன்ட்டி."

"ஒன் போனு பேட்டரி செத்தா போச்சு. என் கையி நான் செத்தாத்தான் லா சாவும். ஓட்டு."

வயது எழுபத்து மூன்று. ஈப்போ புந்தோங்கில் ஓட்டுக்கூரை போட்ட கல்வீடு, சொந்தச் சம்பாத்தியம். பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய்த் தாய்க்கு மருந்து அரைத்துக் கொடுத்து, பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டி விடுவது தொழில். முக்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே குழந்தையைக் குப்புறப் போட்டு, கையால் தண்ணீர் அள்ளி ஊற்றுவார். அழுதுகொண்டிருக்கும் குழந்தை மூன்றாவது கைத் தண்ணீரில் அடங்கிவிடும். தமிழர் வீடு மட்டுமில்லை, சீனர் வீட்டிலிருந்தும் ஆள் அனுப்புகிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை என்று ஆரம்பித்துத்தான் பெருமையைச் சொல்வார். "இந்த ரெண்டு காலு மேல ஈப்போல பாதிப் பேரு படுத்து எந்திரிச்சவனுங்க. இப்ப ரோட்டுல என்னைப் பாத்து ஹாரன் அடிக்கிறானுங்க."

படித்தது தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். ஆனால் இலக்கங்கள் மட்டும் அச்சடித்தது போல விழும். அதற்குக் காரணம் இருக்கிறது.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வரிசை வீட்டில், பிறந்தவர் செல்லாயி. எந்த லயம், எந்தக் கதவு, எந்த நாள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அப்பன் பால்மரத்துக்குப் போனான், ஆத்தாவும் மறுமாசமே பால் வெட்டப் போனாள், எழுதுவதை யார் நினைத்தார்கள்? பிறந்த மண்ணிலேயே அவருக்குச் சிவப்பு அடையாளக் கார்டு. ஓட்டு இல்லை, பாஸ்போர்ட் இல்லை. கவுன்டரில் "எங்கே பிறந்தாய்?" என்று கேட்பார்கள். "தோட்டத்துல" என்பார். "தோட்டத்தில் எங்கே?" என்பார்கள். அங்கே பேச்சு நின்றுவிடும். ஏழு மனுப் போட்டு, மூன்று கிழவர்களைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு போய், குடிமக்களுக்கான நீலக் கார்டு வாங்கியபோது வயது ஐம்பத்தெட்டு. "அன்னைக்குத்தான் நான் பொறந்தேன். அதனால எனக்கு இப்பப் பதினஞ்சு வயசு, வாயாடுற வயசு" என்பார்.

சிவப்புக் கார்டின் சூடு பட்டதால்தான், தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கிடைத்த நாளிலேயே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். லயத்தில் பிள்ளை பிறந்தால், தலை வெளியே வந்த மணி, லயத்து எண், கதவு எண் மூன்றையும் அந்த நிமிஷமே உள்ளங்கையில் எழுதிவிடுவார். தாளில் எழுதினால் மழையில் நனையும், பிள்ளைகள் கிழித்துவிடும், ஒழுகும் கூரைக்கு அடைப்பாகப் போய்விடும். கையை அப்படியே கொண்டு போய் மருந்து கொடுக்கும் டிரஸர் ஐயாவின் மேசையில் விரித்து வைப்பார். ஐயா அதைப் பார்த்துப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றும்வரை கையைக் கழுவமாட்டார், சோறு தின்னமாட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் முந்நூற்றுப் பதினாறு பிள்ளைகள். "நான் தூக்குன புள்ள ஒண்ணுகிட்டகூட செவப்புக் கார்டு கெடையாது. போயி விசாரிச்சுப் பாரு."

முந்நூற்றுப் பதினேழாவது பிள்ளையை அவர் தூக்கியது தோட்டத்தில் இல்லை. முப்பத்தையாயிரம் அடி உயரத்தில்.

ஏழு வருஷத்துக்கு முந்தைய கதை. திருச்சிக்குப் போய்ச் சமயபுரத்தாளைக் கும்பிட்டுவிட்டுக் கோலாலம்பூருக்குத் திரும்பும் காலை விமானம். அவர் வாழ்க்கையில் இரண்டாவது விமானப் பயணம். பக்கத்து இருக்கையில் தெலுக் இந்தான்காரப் பெண் தினேஸ்வரி, எட்டு மாதம் நெருங்கிய வயிறு, கையில் டாக்டர் கடிதம். புருஷன் சீனி திருச்சிக்காரன், அங்கேயே வேலை. அப்பன் வெளிநாட்டுக்காரன் என்றால் பிள்ளை மலேசிய மண்ணில் பிறந்தால்தான் அன்றைய சட்டத்தில் சிக்கலில்லாமல் குடியுரிமை. வெளியே பிறந்தால் மனு, மறு மனு என்று வருஷக்கணக்கில் அலைச்சல். அதற்காகத்தான் வயிற்றைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் புறப்பட்டிருந்தாள்.

இரண்டு மணி நேரத்தில், கீழே கடலைத் தவிர ஒன்றுமில்லாத இடத்தில், தினேஸ்வரியின் பனிக்குடம் உடைந்துவிட்டது.

சுராயா என்ற பணிப்பெண், டாக்டர் யாரும் இருக்கிறார்களா என்று மூன்று மொழியில் அறிவித்தாள். ஆறாம் வரிசையிலிருந்து வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடியோடு ஒருவர் எழுந்து வந்தார். ஈப்போக்காரர், பெயர் குலசிங்கம்.

"நீங்க டாக்டரா?" என்றார் செல்லாயி.

"டாக்டர்தான் அம்மா. ஆனா நான் பல் டாக்டர். பிள்ளைப்பேறு படிக்கேக்க ஒருக்காப் பாத்தது, அதுவும் மயக்கம் வந்து வெளியில போயிட்டன்."

"சரி, புள்ளைக்குப் பல்லு மொளைக்கட்டும், கூப்பிடுறேன். இப்ப கையக் கழுவிட்டு வந்து லைட்டப் புடிங்க."

விமானத்தின் வால்பக்கத்தில் கம்பளி விரித்துப் படுக்க வைத்தார்கள். செல்லாயி முழங்கைவரை கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். எல்லாம் சரியாக இருந்தது. பெண்தான் சரியாக இல்லை. வலி வரும்போதெல்லாம் தொடையை இறுக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்தாள்.

"முக்கு ஆயி, புடிச்சு வைக்காத."

"வேணாம் ஆயா, இங்க வேணாம்! இன்னும் ரெண்டு மணி நேரந்தானே, எறங்கிடட்டும். கடலு மேல பொறந்தா எம் புள்ளைக்கு எந்த ஊருன்னு எழுதுவாங்க? யாரு சூராட்டு குடுப்பாங்க?"

சூராட்டு என்றால் பிறப்புப் பத்திரம். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் செல்லாயிக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்துவிட்டது. முந்நூற்றுப் பதினாறு பெண்களில் ஒருத்திகூட இதைக் கேட்டதில்லை. இவர் மட்டும்தான் ஐம்பத்தெட்டு வருஷம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏ தினேஸ்வரி, என்னையப் பாரு. நீ கதவ மூடுனா புள்ளைக்கு மூச்சு முட்டும். புள்ளைய நீ குடு, சூராட்டு நான் குடுக்குறேன். செல்லாயி வாக்கு."

பிறகு தலையைத் திருப்பிச் சுராயாவிடம் மலாயில் கேட்டார். "இந்தப் பிளேனோட நம்பர் என்ன?"

அவள் பயண எண்ணைச் சொன்னாள்.

"அது இல்ல லா. அது பஸ் ரூட்டு நம்பர் மாதிரி. ஒரே ரூட்டுல பத்து பஸ்ஸு ஓடும். லயத்துக்குக் கதவு நம்பரு மாதிரி எனக்கு இந்த வண்டியோட நம்பர் வேணும். பின்னால எழுதியிருக்குமே, பிளேட்டு நம்பர்."

சுராயா விழித்தாள். இத்தனை வருஷ வேலையில் எந்தப் பயணியும் அதைக் கேட்டதில்லை. "இப்பவா ஆன்ட்டி?"

"இப்பத்தான். புள்ள வர்றதுக்குள்ள."

அவள் முன்பக்கம் ஓடினாள். இங்கே தினேஸ்வரி வாயைத் திறந்து கத்தினாள், தொடை விலகியது. அடுத்த மூன்று வலியில் தலை, அதற்கடுத்த வலியில் முழுப் பிள்ளையும் செல்லாயியின் கைக்கு வந்துவிட்டது. பெண் குழந்தை. சின்னது, நீலம் பாய்ந்தது, சத்தமில்லை. குலசிங்கம் லைட்டை இன்னும் கிட்டக் கொண்டுவந்தார். செல்லாயி பிள்ளையைத் துணியால் பரபரவென்று துடைத்து, முதுகை மேலும் கீழும் தேய்த்து, உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டினார். "ஏய், ஒனக்காகத்தான் இத்தனை பேரு காத்திருக்கோம். வாயத் தொற!"

திறந்தது. திறந்த வாயிலிருந்து வந்த சத்தம் முன்வரிசைவரை கேட்டதாகப் பின்னால் சொன்னார்கள். விமானமே கை தட்டியது. யாரோ அரோகரா போட்டார்கள், யாரோ அல்ஹம்துலில்லா சொன்னார்கள். செல்லாயி கை தட்டலைக் கவனிக்கவில்லை.

"டாக்டர், மணி என்ன?"

"பதினொன்று நாற்பத்திரண்டு... ஐயோ, அது இந்திய மணி. எங்கட மணிக்கு ரெண்டு பன்னிரண்டு."

"ரெண்டையும் எழுதுங்க. என் கையி ஈரம்."

"எதில எழுத? தாள் இல்லையே."

"தாளு எதுக்கு? சட்டை இருக்குல்ல?"

குலசிங்கம் பேனாவை எடுத்தார். பிறகு தன் வெள்ளைச் சட்டையின் இடது கைமடிப்பை நீட்டிப் பிடித்து அதிலேயே எழுதினார். இந்திய மணி, மலேசிய மணி இரண்டும். அதற்குள் சுராயாவோடு விமானியே வந்துவிட்டார். மலேசிய விமானங்களுக்கு உரிய ஒன்பது, எம் என்று தொடங்கும் வண்டி எண்ணைச் சொல்லச் சொல்ல, சட்டைக் கையில் அதுவும் ஏறியது. அதன் கீழே விமானி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். தொப்புள்கொடியைக் கவ்வி போட்டு நிறுத்தி, பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு சேர்த்துப் போர்த்திய பிறகு, செல்லாயி கையைத் துடைத்து, சட்டையில் இருந்ததை எழுத்து எழுத்தாகப் பார்த்துத் தன் உள்ளங்கையில் இறக்கிக்கொண்டார். ஆங்கில எழுத்துகளைக் கோலம் போடுவது போல வரைந்தாராம்.

கோலாலம்பூரில் ஆம்புலன்ஸ், பூச்செண்டு, போட்டோ எல்லாம் நடந்தது. வேறு ஆளாக இருந்தால் அத்தோடு வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார்கள். செல்லாயி வாக்குக் கொடுத்திருந்தார். தினமும் காலையில் குளித்ததும் உள்ளங்கையில் மங்கிய எண்ணின் மேலேயே மறுபடி எழுதினார். அந்த நாட்களில் கார் நம்பரெல்லாம் வலது கைக்குப் போனது.

ஆறு வாரம் கழித்துத் தினேஸ்வரி பிள்ளையோடு ஈப்போவுக்கு வந்தாள். பிள்ளை எந்த விமானத்தில் பிறந்தது என்று விமானக் கம்பெனி எழுதிய கடிதம் வந்திருந்தது. பதிவுக் கவுன்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் அதிகாரி அதைப் படித்துவிட்டு வருத்தத்தோடு சொன்னார். ஆகாயத்தில் பிறக்கும் பிள்ளைக்கு, அந்த விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அதுதான் பிறந்த இடம். இந்தக் கடிதத்தில் இருப்பது வாடகைக்கு எடுத்த வெளிநாட்டு விமானத்தின் எண். ஆகவே பிள்ளை வெளியே பிறந்ததாகத்தான் கணக்கு.

தினேஸ்வரி கடிதத்தை வாங்கி மறுபடி படித்தாள். செல்லாயி மேசைமேல் இடது கையை விரித்து வைத்தார், டிரஸர் ஐயாவின் மேசையில் வைத்த அதே மாதிரி.

"கடிதாசு பொய்யி. இது நாங்க வந்த வண்டியே இல்ல. எங்க வண்டி இது."

அதிகாரி குனிந்து பார்த்தார். "ஆன்ட்டி, கையில் எழுதினதை நான் எப்படி எடுத்துக்கொள்வது?"

"கையி வேணாம்னா சட்டைய எடுத்துக்குங்க." செல்லாயி போனை எடுத்தார். "டாக்டர், அந்தச் சட்டை இருக்கா, தொவச்சுட்டாங்களா?"

"என்ட மனுசி அம்பிகை துவைக்க எடுத்தவ. உங்கட முகம் ஞாபகம் வந்து நான் பறிச்சு வச்சிட்டன்."

முக்கால் மணி நேரத்தில் குலசிங்கம் வந்தார். ஹாங்கரில் தேங்காய்ப்பூ நிறச் சட்டை தொங்க, அதை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாமி புறப்பாடு வருவது போல உள்ளே நுழைந்தார். வரிசையில் நின்ற சனமெல்லாம் விலகி வழிவிட்டது. அதிகாரி கைமடிப்பைத் திருப்பிப் பார்த்தார். இந்திய மணி, மலேசிய மணி, வண்டி எண், விமானியின் கையெழுத்து. உள்ளங்கையோடு ஒத்துப் பார்த்தார். ஓர் எழுத்து பிசகவில்லை. சட்டையைப் படமெடுத்துக் கம்பெனிக்கு அனுப்பி, அன்றைய பயணக் குறிப்பைத் தேடிப் பார்க்கச் சொன்னார்.

தேடினார்கள். அன்று காலை கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். கடிதம் எழுதியவர் பழைய பட்டியலைப் பார்த்து எழுதிவிட்டார். உண்மையில் பறந்தது, மலேசியாவில் பதிவான, செல்லாயி கை சொன்ன அதே வண்டி. பத்து நாளில் மன்னிப்போடு புதுக் கடிதம் வந்தது.

எந்த வீட்டில் பிள்ளை குளிப்பாட்டினாலும் இந்தக் கதையை ஒரு தரம் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார். தினேஸ்வரியின் மகள் ஷாமினி இப்போது தெலுக் இந்தானில் ஒன்றாம் வகுப்பு. "அவ பேப்பரு போல சுத்தமான பேப்பரு அந்தப் பள்ளிக்கூடத்துல யாருகிட்டயும் இல்ல" என்று அங்கே போகாமலேயே சொல்வார். மந்திரி வீட்டுப் பிள்ளைக்குக்கூட வண்டி நம்பரோடு பிறப்பு உண்டா என்று கேட்பார்.

சூராட்டு கைக்கு வந்த அன்று கவுன்டரில் நடந்தது இது. அதிகாரி தாளை நீட்டினார். தினேஸ்வரி வாங்கி, தான் பார்க்காமல் ஆயாவிடம் கொடுத்தாள். செல்லாயி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளின் மேல் விரல் வைத்து, ஆமை வேகத்தில், கூட்டிக் கூட்டி வாசித்தார். பெயர். நாள். மணி. தாய் பெயர். கடைசியில் குடியுரிமைக் கட்டத்தில் விரல் நின்றது. குடிமகள் என்று சொல்லும் அந்த மலாய்ச் சொல் அவருக்குப் பழக்கமானதுதான், ஐம்பத்தெட்டு வயதில் எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்ட சொல்.

தாளை மடிக்காமல் திருப்பிக் கொடுத்தார். நேரே கழுவுமிடத்துக்குப் போய், சவுக்காரம் போட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் நகம் வைத்துத் தேய்த்துக் கழுவினார். முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது கிராப் கார் நின்றுகொண்டிருந்தது. ஆயா பின்பக்கம் போய்விட்டு வரட்டும் என்று தினேஸ்வரி பிள்ளையோடு கதவருகே காத்திருந்தாள். ஓட்டுநரும், தெரிந்த ஆள்தான், என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.

செல்லாயி பிளேட்டைப் பார்க்கவே இல்லை. நேராகக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, வெளுத்துப் போன இரண்டு கைகளையும் நீட்டினார்.

"புள்ளையக் குடு."