இறங்க மறுத்த எண்ணெய்

மடியில் வைத்திருந்த பாட்டிலில் எண்ணெய் இறங்கவில்லை. கார் நல்ல வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் ரோட்டில் பேரளி தாண்டி, இரண்டு பக்கமும் பருத்திக் கொல்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த டாக்டரம்மா ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நானோ பாட்டிலின் மேல் பேனாவால் போட்ட கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் அந்தக் கோட்டுக்குக் கீழே போயிருக்க வேண்டும். கார் குலுங்கும்போது அலம்பியது; குலுக்கல் நின்றதும் பழைய இடத்துக்கே வந்து நின்றது. மற்ற வண்டிகளில் எண்ணெய் குறைந்தால்தான் பயப்படுவோம். அன்று குறையாமல் நின்றதுதான் பயமாக இருந்தது.

அவர் மயக்க மருந்து டாக்டர். பெரம்பலூரில் வீடு, தனியாக இருந்தார். சொந்தமாக ஆஸ்பத்திரி கிடையாது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் எந்த நர்சிங் ஹோமில் ஆபரேஷன் என்றாலும் அவருக்குப் போன் வரும். சர்ஜன் கையுறை மாட்டிக்கொண்டு காத்திருப்பார்; இவர் போய் ஊசி போட்டால்தான் அங்கே வேலை தொடங்கும். அதனால் அவர் வாழ்க்கையில் பாதி அந்த ரோட்டிலேயே கழிந்தது. சில வருடங்கள் இங்கிலாந்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது, அங்கே ஓட்டிய ஜப்பான் காரையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். தாழ்வான சிவப்புக் கார். சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் லாரிக்காரர்கள் அதன் சத்தத்தை வைத்தே அடையாளம் கண்டு வழிவிடுவார்கள்.

அந்தக் காரில் சாதாரண இன்ஜின் இல்லை. மேலும் கீழும் போய்வரும் பிஸ்டனுக்குப் பதிலாக, மூன்று மூலை கொண்ட ஓர் இரும்புக் கட்டை முட்டை வடிவக் கூட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்று மூலையிலும் மெல்லிய பட்டைகள். அவை கூட்டின் சுவரை உரசிக்கொண்டே ஓடுவதால், சொட்டுச் சொட்டாக எண்ணெய் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதற்கென ஒரு சின்ன பம்ப் உண்டு. அது இன்ஜினுக்குள் இருக்கும் எண்ணெயையே எடுத்துக் கொடுக்கும். அந்த எண்ணெய் எரிந்தால் கரி படியும். எங்கள் ஊர் வெயிலில் கரி மிக வேகமாகச் சேர்ந்தது. ஒருமுறை என் மெக்கானிக் பட்டறையில் இன்ஜினைத் திறந்து சுத்தம் செய்து மூடிய பிறகு டாக்டரம்மா கேட்டார்: “எரிஞ்சா மிச்சம் வைக்காத எண்ணெய் இல்லீங்களா தம்பி?”

இருந்தது. பழைய டூ-ஸ்ட்ரோக் பைக்குகளுக்கு ஊற்றுகிறோமே, அதுதான். ஆனால் அதைத் தனியாக ஒரு டேங்கில் வைத்து, அந்த பம்ப் அதிலிருந்து மட்டும் எடுக்கும்படி செய்ய வேண்டும். பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே பொருந்துகிற மாதிரி அலுமினியத் தகடு ஒன்றை லேத்தில் கடைந்தோம். பழைய எண்ணெய் வரும் துளையை அது அடைக்கும். பக்கவாட்டில் புது எண்ணெய்க்கு வழி விடும். ஆபரேஷன் இல்லாத நாட்களில் டாக்டரம்மா என் பட்டறைக்கு வந்து கூடவே உட்கார்ந்து வேலை செய்தார். தகட்டை இரண்டு தடவை தூக்கிப்போட வைத்தவரும் அவர்தான். “மயிரளவு கசிஞ்சாலும் வேணாம் தம்பி, திரும்பக் கடைங்க” என்பார். எனக்குக் கோபம் வரும். ஆனால் கசிவு இருந்தது உண்மை.

பட்டறையில் ஓட்டிப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. டேங்கை பானெட்டுக்குள் பொருத்தும் முன், எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது என்று ரோட்டில் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றார். டேங்குக்குப் பதிலாக, அடியில் குழாய் பொருத்திய ஒல்லியான பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தார். கெட்டியான பிளாஸ்டிக். குழாயை டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த ஓட்டை வழியே இன்ஜினுக்குக் கொண்டுபோனோம். பட்டறையில் பாட்டிலைத் திறந்தே வைத்திருந்தோம். ரோட்டில் சிந்தக் கூடாது என்று ரப்பர் மூடியை அழுத்தி மூடினோம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். பேரளி வரை போய்த் திரும்புவதாகத்தான் திட்டம்.

பேரளியை நெருங்கும்போது போன் வந்தது. அரியலூர் நர்சிங் ஹோமிலிருந்து மகப்பேறு டாக்டர். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது. நிறைமாதப் பெண்ணுக்கு ரத்தப்போக்கு. குழந்தையின் துடிப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது. அரியலூரில் இருந்த இன்னொரு மயக்க மருந்து டாக்டர் கல்யாணத்துக்குத் திருச்சி போய்விட்டார். அந்தப் பெண்ணை வேறு இடத்துக்கு மாற்ற நேரமில்லை.

“ரெண்டு கையிலயும் டிரிப் லைன் போட்டு வைங்க. ஆக்சிஜன் குடுங்க. ரத்தத்துக்குச் சொல்லியாச்சா? நான் பேரளில இருக்கேன், வந்துட்டே இருக்கேன்” என்றார். காரைத் திருப்பவில்லை. என்னைப் பார்த்து, “பாட்டிலப் பாத்துக்கிட்டே வாங்க தம்பி” என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகுதான் எண்ணெய் நின்றது. முதலில் என் கண்ணை நம்பவில்லை. குழாயைப் பார்த்தேன், உள்ளே எதுவும் நகரவில்லை. சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. எண்ணெய் இல்லாமல் பட்டைகள் கொஞ்ச தூரம் தாங்கலாம். தாங்காமலும் போகலாம். போனால் இன்ஜின் நடுரோட்டில் அப்படியே நின்றுவிடும்.

“டாக்டரம்மா, எண்ணெய் போவல.”

“எவ்வளவு நேரமா?”

“தெரியலீங்க.”

அவர் ஓரங்கட்டி நிறுத்தினார். ஏறிப் போக அரியலூர் பஸ் ஏதாவது வருகிறதா என்று பின்னால் பார்த்தார். கண்ணுக்கெட்டிய வரை எதுவும் இல்லை. எதிர்த் திசையில் மட்டும் கல் ஏற்றிய டிப்பர் ஒன்று ஊர்ந்து வந்தது. நான் டிக்கியிலிருந்த எண்ணெய் டப்பாவை எடுத்து ஓடினேன். பம்ப் கொடுக்காவிட்டால் பெட்ரோலோடு கலந்து கொடுத்துவிடலாம். இன்ஜினுக்கு எப்படியாவது எண்ணெய் போய்ச் சேர வேண்டும். பெட்ரோல் மூடியைத் திறந்து, மனக்கணக்கில் ஊற்றினேன். அவசரத்தில் டயர்மேல் கொஞ்சம் சிந்தியது.

டாக்டரம்மா ஒரு தோளில் போனை இடுக்கிக்கொண்டு நர்ஸிடம் பேசியபடியே, நான் சீட்டில் சாய்த்து வைத்திருந்த பாட்டிலைக் கையில் எடுத்தார். “தம்பி, இங்க பாருங்க. வயிறு ஒட்டிக் கெடக்கு.” கெட்டிப் பிளாஸ்டிக்கின் பக்கங்கள் லேசாக உள்வாங்கியிருந்தன. பின்சீட்டிலிருந்த பையைத் திறந்து, தடித்த ஊசி ஒன்றை உறையிலிருந்து உருவி, ரப்பர் மூடியில் குத்தி இறக்கினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. எண்ணெய் ஒரு துள்ளல் துள்ளி இறங்கியது. “அந்தக் காலத்துக் கண்ணாடி பாட்டில்ல டிரிப் போடுறப்ப காத்து ஊசி குத்தலன்னா சொட்டு நின்னு போவும். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்” என்றார். எனக்கும்தான் தெரிந்திருக்க வேண்டும். மூடி இறுகிய டேங்கிலிருந்து எண்ணெய் வராது என்பது பட்டறையில் வேலை பழகும் பையனுக்குக்கூடத் தெரியும்.

சாவியைத் திருகினார். இன்ஜின் பிடிக்கவில்லை. சூடாக நிறுத்தினால் இந்த இன்ஜின் இப்படித்தான் முரண்டு பிடிக்கும். மறுபடி திருகினார், பேட்டரி இழுத்து இழுத்துச் சுற்றியது. போனில் மகப்பேறு டாக்டரின் குரல் மாறியிருந்தது: “எங்க மேடம் இருக்கீங்க?” டாக்டரம்மா ஆக்சிலேட்டரை முழுதும் மிதித்தபடி மூன்றாவது முறை திருகினார். இன்ஜின் இருமி, திணறி, பிடித்துக்கொண்டது. இரட்டிப்பு எண்ணெய் எரிந்த புகை பின்னால் வெள்ளையாகக் கிளம்பியது. டிப்பர்காரர் தலையை நீட்டிக் கத்தினார்: “ஏம்மா, வண்டி எரியுது, நிறுத்துங்க!” அதற்குள் நாங்கள் கிளம்பிவிட்டோம். அரியலூர் போய்ச்சேரும் வரை அவர் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். “எறங்குதா?” “எறங்குதுங்க.” “எறங்குதா?” “எறங்குதுங்க டாக்டரம்மா.”

நர்சிங் ஹோம் வாசலில் காரை அணைக்காமலே இறங்கி ஓடினார். நான் அணைத்துவிட்டு வெளியே நின்றேன். அந்தப் பெண்ணின் கணவர் ரெட்டிபாளையம் பக்கம் லாரி ஓட்டுபவர். லுங்கியோடு அப்படியே வந்திருந்தார். “மயக்க டாக்டர் இவங்கதானா? பொழைக்க வச்சிருவாங்களா?” என்று என்னிடம் கேட்டார். என் சட்டை முழுக்க எண்ணெய். அவர் தோளில் கைவைத்தேன். உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. இரண்டு பேரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். வெகுநேரம் கழித்து நர்ஸ் ஒருவர் கதவைத் திறந்து, “பொண்ணு. அம்மாவும் நல்லாருக்காங்க” என்றார். லாரிக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இன்றைக்கு அந்த ரோடு அகலமாகிவிட்டது. இரண்டு ஊரிலும் மயக்க மருந்து டாக்டர்கள் பலர் இருக்கிறார்கள். ஒருவரே ஓடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. டாக்டரம்மா ஓய்வுபெற்று, தங்கை இருக்கும் ஊருக்குப் போய்விட்டார். காரையும் கூடவே கொண்டுபோனார். அன்றைய ஓட்டத்தில் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை அடுத்த வாரமே திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டோம். அவரோடு பழகிய வருடங்களில் எவ்வளவோ பேசியிருக்கிறோம். ஆனால் அவரை நினைத்தால் முதலில் வருவது அந்த ஆபரேஷன் முடிந்து அவர் வெளியே வந்த நேரம்தான்.

வெயில் தாழ்ந்திருந்தது. காருக்குப் பக்கத்தில் வந்து நின்று, “ரொம்ப நேரம் அழவே இல்ல தம்பி அந்தக் குழந்தை” என்றார். பிறகு சாவியை என்னிடம் நீட்டினார். அதுவரை அந்தக் காரை ரோட்டில் வேறு யாரையும் ஓட்டவிட்டதில்லை. “நீங்க ஓட்டுங்க. எனக்கு முடியல.”

மெதுவாக ஓட்டினேன். பேரளி வருவதற்குள் அவர் தூங்கிவிட்டார். பெரம்பலூரில் அவர் வீட்டு வாசலில் நிறுத்தி எழுப்பினேன். எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் கொஞ்சம் விழித்தார். வீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“என்னை யாராவது வீட்டுல கொண்டாந்து விட்டு எவ்வளவு வருஷமாச்சு தெரியுமா தம்பி?” என்றார். இறங்குவதற்கு மனமில்லாதவர்போல இன்னும் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.