மாப்பிள்ளைத் தொப்பி அணிந்த அரசர்

கொல்கத்தா லேக் மார்க்கெட் கடையில் தொங்கிய வங்காளி மாப்பிள்ளைத் தொப்பியில் அதே வெள்ளை நெட்டித் தக்கை, அதே பசை வாசனை.

தொண்ணூறுகளில், எங்கள் கார்டன் ரீச் கோயிலில் கிறிஸ்து அரசர் திருநாள். எங்கள் ராஜாவுக்குக் கிரீடம் வேண்டும், ஊர்வலம் உண்டு என்று நெட்டி வேலைக்காரரிடம் அப்பா அரைகுறை வங்காள மொழியில் சொல்லியிருந்தார். ராஜா என்பது மாப்பிள்ளையின் பெயர், கல்யாண ஊர்வலம் என்று நினைத்த அந்த வேலைக்காரர், பவனி நேரத்தில் கூம்பாக ஒரு மாப்பிள்ளைத் தொப்பியோடு கோயில் வாசலில் நின்றார்.

"இதையா சுரூபத்துக்கு வைக்கிறது? எல்லாரும் சிரிப்பாங்க," என்றார் அப்பா.

தமிழ் தெரியாவிட்டாலும் அவருக்குப் புரிந்தது. தொப்பியைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார்.

அம்மா விடவில்லை. "முள்முடியையே வாங்கிக்கிட்டவருங்க. இவரு ஆசையா செஞ்சத வேண்டாம்பாரா?"

அப்பா ஏணியில் ஏறி, சிலையின் தலையில் தொப்பியை வைத்தார். சிலர் சிரிக்கத்தான் செய்தார்கள். நெட்டி வேலைக்காரர் செருப்பைக் கையில் பிடித்தபடி பவனி முடியும்வரை பின்னால் நடந்தார்.

"யாருக்குக் கல்யாணம், தாதா?" என்று அண்ணனை அழைப்பதுபோல் கேட்டார் லேக் மார்க்கெட் கடைக்காரர்.

எங்கள் சுரூபத்தின் தலையளவைக் கையால் காட்டினேன்.