நாக்குக்கு விடுமுறை

குடித்துக் குடித்தே வீரபத்திரன் ஈரலைக் கெடுத்துக்கொண்டாராம். பர்மிங்ஹாமில் ஒரு கல்யாண விருந்தில், பக்கத்து நாற்காலியில் இருந்த சிட்டிபாபு சொன்ன செய்தி இது. சிட்டிபாபுவுக்கு ஊரிலிருந்து அவர் மைத்துனர் எழுதியிருந்தார். மைத்துனருக்கு யார் சொன்னார்களோ. "சாராயக் கடையத் தொறந்து வுட்டாங்க இல்ல, காஞ்சிபுரமே தள்ளாடுதுபா" என்று சிரித்தார். வீரபத்திரன் என் அக்காவின் கணவர் என்பது சிட்டிபாபுவுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

மாமா சாராயத்தைத் தொட்டவரில்லை. ஆனாலும் குடிக்கிறார் என்பது முழுப் பொய்யும் இல்லை. காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறையில், கொதிக்கிற செப்பு அண்டாவுக்குள் மூங்கில் கழியின் நுனியை விட்டு எடுப்பார். சொட்டுவதை இடக்கை விரலில் வாங்கி, இரண்டு தடவை ஊதி, நாக்கின் நுனியில் வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். பிறகு துப்புவார். எவ்வளவு வெளியே போயிற்று, எவ்வளவு தொண்டைக்குள் இறங்கிற்று என்பது அவருக்கே தெரியாது. "இன்னும் ஒரு மூடி ஊத்து" என்பார்; அல்லது "போதும், நூல வுடு." சாயத்தில் ஊற்றுகிற புளிப்புத் திராவகம் குறைந்தால் பட்டில் நிறம் ஏறாது, கூடினால் நூல் நைந்துபோகும். நடுவே ஒரு இடம் இருக்கிறது. அது அவர் நாக்குக்குத்தான் தெரியும். இருபத்தாறு வருஷமாக, நாள் ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை.

குள்ளமான மனிதர். வெள்ளை வேட்டி, வெள்ளை பனியன் தவிர வேறு உடுத்த மாட்டார். "கலரு பார்த்துப் பார்த்து கண்ணு அலுத்துப் போச்சி மச்சான்." முழங்கைக்குக் கீழே ஒரு நிறம், மணிக்கட்டுக்குக் கீழே இன்னொன்று, நகக்கண்ணில் மூன்றாவது. கல்யாண வீட்டில் அவர் பெண்ணைப் பார்ப்பதில்லை, புடவையைத்தான் பார்ப்பார். பெண் எப்படி என்று அக்கா கேட்டால், "முந்தானையில ஊதா ஒரு பங்கு தூக்கலு" என்பார். "நான் பொண்ணக் கேட்டேன்" என்பாள் அக்கா. "அது நல்லாத்தான் இருக்கும். மூஞ்சி சாயம் போவாது."

நான் இங்கே ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். 1970இல் அங்கே ஒரு பரிசோதனை நடந்தது. எலிகளுக்கு ஈரலைக் கெடுக்கிற ஒரு விஷத்தைக் கொடுத்தார்கள். சிலவற்றுக்கு மட்டும் அதோடு பூண்டுச் சாறும் கொடுத்தார்கள். பூண்டு தின்னாத எலிகளின் ஈரல் வெளிறி ஊதிப்போயிருந்தது. தின்றவற்றில் சேதம் குறைவு. இரும்பில் துரு ஏறுகிற மாதிரி ஒன்று விஷத்தால் உடம்புக்குள்ளே நடக்கிறது, பூண்டில் இருக்கும் ஏதோ ஒன்று அதைத் தடுக்கிறது என்று டாக்டர்கள் பேசிக்கொண்டார்கள். எலிக்கு நடந்தது மனிதனுக்கும் நடக்குமா என்று அவர்களுக்கே நிச்சயமில்லை.

எனக்கு மாமாவின் நாக்கு ஞாபகம் வந்தது. அக்காவுக்குக் கடிதம் எழுதினேன். மாமா இனிமேல் சாயத்தை நாக்கில் வைக்கக் கூடாது என்று எழுதியிருந்தால் போதும். நான் பூண்டைப் பற்றி முதலில் எழுதினேன், ஒரு பக்கம் முழுக்க. நாக்கைப் பற்றி அடுத்த பக்கத்தில்தான். அக்கா சம்பூர்ணம் படித்துக் காட்டியிருக்கிறாள். மாமா முதல் பக்கத்தோடு எழுந்து போய் ஒரு வீசைப் பூண்டு வாங்கி வந்துவிட்டார்.

மறு வருஷம் நான் ஊருக்குப் போனபோது பட்டறைச் சுவரில், ஆணியில் பூண்டுக் கொத்து தொங்கியது. நாக்கில் சாயத்தை வைத்துத் துப்பிய கையோடு ஒரு பல்லைத் தோல் உரித்து வாயில் போட்டு மென்றார்.

"ஒரு அண்டாவுக்கு ஒரு பல்லு. அரக்குன்னா ரெண்டு."

"அரக்குக்கு ஏன் மாமா ரெண்டு?"

"அது பொல்லாத கலரு. ஆமா, உங்க எலிங்க இன்னா கலரு நக்கிச்சிங்க?"

"எலிக்கு வலுக்கட்டாயமாக் குடுத்தாங்க. நீங்களாத்தான நக்குறீங்க."

"அப்ப எலியவிட நான் ஒஸ்திதான?"

புளிப்பைச் சோதிக்கும் காகிதம் ஒரு கட்டு கொண்டுபோயிருந்தேன். அண்டாவில் தோய்த்துக் காட்டினேன், சிவந்தது. மாமா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "புளிக்குதுன்னு சொல்லுது. எவ்ளோ புளிக்குதுன்னு சொல்லலியே? அதுவும் செவப்பு சாயத்துல வுட்டா செவக்காம பச்சையாவா வரும்?" மீதிக் காகிதத்தை மாடத்தில் பத்திரமாக வைத்தார், நான் வருத்தப்படக் கூடாது என்று.

நான் அங்கே இருந்தபோதே அது நடந்தது. நெசவாளி தர்மன் பாதிப் புடவையைத் தறியிலிருந்து அறுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். முகூர்த்தப் புடவை, அரக்கு உடல். மாமாவின் முன்னால் வெயிலில் விரித்தார்.

"கோடு வுழுந்துக்குது பாருண்ணே."

எனக்குத் தெரியவில்லை. மாமாவுக்குத் தெரிந்தது. முதல் அண்டாவின் நூல் முடிந்து இரண்டாவது அண்டாவின் நூல் தொடங்கிய இடத்தில், குறுக்கே ஒரு மயிரிழை. அதற்குக் கீழே அரக்கு ஒரு துளி வெளிறியிருந்தது.

"கண்ணாலப் பொண்ணு கட்டிக்கினு ஒக்காந்தா தெரியும்ணே. இந்தக் கை தப்பாதே, இன்னா ஆச்சி?"

"கை தப்பல தர்மா. வாய் தப்பிடிச்சி."

பூண்டின் காரம் நாக்கில் ஏறி நின்றுகொண்டால் புளிப்பு உள்ளதைவிடத் தூக்கலாகத் தெரிகிறது; திராவகம் குறைவாக இருக்கும்போதே போதும் என்றுவிடுகிறார். முதல் அண்டாவுக்கு நாக்கு சுத்தம். இரண்டாவதற்குள் இரண்டு பல் போயிருந்தது. அந்தப் புடவைக்கான நூல் முழுவதையும் மாமா தன் பொறுப்பில் மறுபடி காய்ச்சிக் கொடுத்தார். ஆணியிலிருந்து பூண்டுக் கொத்தைக் கழற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டார். அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு பல் பல்லாகப் பிரித்தாள். பிறகு, "நாக்கு வேணுமா, ஈரல் வேணுமா உங்களுக்கு?" என்றாள்.

"நாக்கு போச்சின்னா நான் வெறும் வெறகு தள்றவன்தானே சம்பூர்ணம்."

பின்னர் அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். நெசவாளர் தெருக்களில் அமாவாசையன்று தறி ஓடாது, அண்டாவும் ஏறாது. நாக்குக்கு அன்று விடுமுறை. ஒரு மாதத்துப் பூண்டையும் அந்த ஒரு நாளில் தின்றுவிடுவது என்று தீர்மானித்தார். நாளுக்கு மூன்று பல் என்றால் மாதத்துக்குத் தொண்ணூறு. "வண்டிமாட்டுக்கு மாசத்துக்கு ஒரு தபா லாடம் பார்க்கிற மாரி" என்றார். எலிக்குத் தினமும் கொடுத்தார்கள் மாமா, சேர்த்து வைத்துக் கொடுக்கவில்லை என்று சொன்னேன். "எலிக்கு அமாவாசை ஏது?" என்றார்.

அமாவாசையன்று எங்கள் வீடுகளில் பூண்டு, வெங்காயம் தொட மாட்டார்கள். செத்தவர்களுக்குப் படைக்கிற நாள். அக்கா முன்கட்டில் படையல் சமைத்துக் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, பின்கட்டில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டித் தொண்ணூறு பல்லையும் பாலில் வேகவைப்பாள். வாசனை சுவரைத் தாண்டும். பக்கத்து வீட்டுச் செல்லியம்மாள் குரல் கொடுப்பாள்.

"இன்னா சம்பூர்ணம், உங்க மாமனாரு இந்தத் தபா பூண்டு கொழம்பு கேட்டாரா?"

"மருந்துதான்க்கா."

"மருந்து நாளைக்கிக் கொதிச்சா வேலைக்காவாதா?"

அக்கா குனிந்து அடுப்பை ஊதுவாள். மாமா அந்தக் கிண்ணத்தை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு, ஒரே மூச்சில் விழுங்குவார். மறுநாள் முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பட்டறையில் உட்கார்ந்திருப்பார். நாக்கு தெளியும் வரை அண்டா ஏற்ற மாட்டார். மற்ற இருபத்தெட்டு நாளும் வழக்கம்போல விரல், ஊதல், நாக்கு.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. போன வாரம் அக்காவின் கடிதம் வந்தது. மாமாவின் கண் மஞ்சளாகிவிட்டது. கால் வீங்கியிருக்கிறது. கேட்கிறவர்களிடம் "மஞ்ச சாயம் தெறிச்சிடிச்சி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். டாக்டர் பார்த்துவிட்டு, இனி ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது, உடனே மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லியிருக்கிறார். மாமா தை முகூர்த்தம் முடியட்டும் என்கிறார். "நீ சொன்னா கேப்பாருடா தம்பி. நீ எழுதுனதத்தானே புடிச்சிக்கினு இருக்காரு" என்று எழுதியிருந்தாள் அக்கா. கடிதம் வந்துசேரப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

ஜரிகைக் கடை குமாரசாமியின் தொலைபேசி எண் என்னிடம் இருக்கிறது. கடைக்குப் பின்னால் ஒரு கதவு, கதவைத் திறந்தால் மாமாவின் பட்டறை. மதியம் குமாரசாமி சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவார். அந்த நேரத்தில் மணி அடித்தால் எடுக்கிறவர் மாமாதான். அதற்காகவே இன்று காலை ஒன்பது மணிக்குக் கிடைக்கும்படி தொலைபேசி அழைப்பைப் பதிவு செய்தேன், அங்கே இரண்டரை. சொல்ல வேண்டியதை இந்தத் தடவை ஒரே வாக்கியமாக ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அதில் பூண்டு இல்லை.

மணி அடிக்கிறது. கடலுக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி ஒரு ஓசை, விட்டு விட்டு. யாரும் எடுக்கவில்லை, துண்டித்துவிடட்டுமா என்று கேட்கிறாள் இணைப்புக் கொடுக்கிற பெண்.

மாமா ஈரக் கையோடு ஓடி வந்து எடுக்கிற ஆள் இல்லை. குமாரசாமியின் கருவியில் சாயம் ஒட்டிவிடக் கூடாது என்று இரண்டு கையையும் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்து, வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டுதான் வருவார்.

"கை கழுவிக்கொண்டிருப்பார்" என்கிறேன் அவளிடம். "இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும்."