குளம் வற்றும் கணக்கு

சென்ற மாதம் காலமான என் அக்காவின்மீது எனக்கு ஒரு காலத்தில் கடும் பொறாமை இருந்தது. அதற்குக் காரணம் கணக்குப் பாடத்து மடக்கை, லாகரிதம்.

நான் சீனியர் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஆண்டு அது. அக்கா பெரியபிள்ளையானதும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவள். நான் உரத்துப் படிப்பதைக் கேட்டபடி பன்புல்லில் பாய் இழைப்பாள்.

கரடியனாற்றுப் பக்கத்துக் குளங்களை மேற்பார்த்த ஓவசியரான மாமா, ஒரு ஞாயிற்றுக்கிழமை தோலட்டை கட்டிய தம் மடக்கை அட்டவணை நூலுடன் வந்தார். தாம் தரும் கணக்கைச் சரியாகச் செய்பவருக்கே அது என்றார். வீட்டில் கணக்குச் செய்பவன் நான் ஒருவனே. ஆகவே நூலில் என் பெயரை எங்கே எழுதுவது என்றுகூடத் தீர்மானித்துவிட்டேன்.

கோடையில் ஒரு குளத்து நீர் ஒவ்வொரு கிழமையும், அதாவது ஏழு நாளுக்கொரு முறை, இருந்ததில் ஐந்தில் நான்கு பங்காகக் குறைகிறது. பத்தில் மூன்று பங்கு மிஞ்ச எத்தனை கிழமை செல்லும்? தெரியாத எண் அடுக்கில் நிற்கிறது. மடக்கை எடுத்தால் அது கீழே இறங்கிவிடும்; பிறகு வகுத்தல்தான். அட்டவணையைப் புரட்டி, வகுத்து, முக்கால் கிழமை என்றேன்.

அக்கா பாயிலிருந்து தலை தூக்காமலே சிரித்தாள்.

"முக்கால் கிழமையாடா தம்பி? ஒரு கிழமை முழுக்கப் போனாலும் ஐஞ்சில நாலு பங்கு கிடக்குமெண்டு இப்பதானே மாமா சொன்னார். மிச்சத்த எருமையா குடிச்சிது?"

"அப்ப நீ செஞ்சு காட்டு புள்ள," என்றார் மாமா.

என் பென்சிலை வாங்கினாள். "கோடு அந்த ஒண்டுக்கு மேல மட்டுந்தான். புள்ளிக்குப் பிறகு வாறதுக்கு இல்ல. நீ எல்லாத்தையும் மைனஸ் ஆக்கிப்போட்டாய்."

ஒன்றிலும் சிறிய எண்களின் மடக்கையில் முழு எண்ணின் தலைமேல் கோடிட்டு, அதை மட்டும் மைனஸ் என்று காட்டுவார்கள்; எல்லோரும் விழும் குழிதான் அது. அவளுக்கு ஐந்து கிழமையும் ஏறக்குறைய மூன்று நாளும் வந்தன. நூல் அவள் மடிக்குப் போயிற்று.

"சோதினைக்குப் போறவனுக்கெல்லோ அது வேணும்," என்றார் அம்மா.

"சொன்னாச் சொன்னதுதான் தங்கச்சி," என்றார் மாமா. எங்கள் தாய்வழிக் குடியில் தாய்மாமன் சொல்லுக்கு மறுசொல் இல்லை.

வீடு பெண்பிள்ளைக்கு என்ற வழக்கப்படி அதுவும் அவளுக்கே உரியது. இனிக் கணக்கும் அவளுடையதா என்று உள்ளுக்குள் வெந்தேன்.

பரீட்சை எழுதிவிட்டு வந்த மாலையில், வாசலிலேயே வினாத்தாளைக் கேட்டு வாங்கினாள். அதிலுள்ள எல்லாக் கணக்குகளையும் ஒவ்வொன்றாகச் செய்து முடித்தாள். என் பிழைகளைக் கண்டுபிடித்து மாமாவிடம் சொல்லத்தான் என்று எண்ணி, பக்கத்திலேயே காவல் இருந்தேன். அவளோ என் விடைகளைக் கேட்கவேயில்லை. அந்தப் பரீட்சையை எழுத அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.